பச்சைத் தண்ணி ஊத்தலாமா?

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ சமையல் குறிப்புன்னு நினைச்சுத் தள்ளிவிட்டுப் போயிடாதீங்க. இது ரேடியேட்டர் விஷயம். எழுதுறவன் மெக்கானிக்கல்தான், ஆனா மெக்கானிக்கல்காரங்களுக்கு மட்டும்னு எழுதலை. வீட்ல கார் இருக்கிறவங்க, மாமா வீட்டு காரில் ஓசியில் ஊருக்குப் போறவங்க, வாடகைக் காரில் ஏறுறவங்க, எல்லாருக்கும் இதில் சேதி இருக்கு.

முதல்ல ஒரு கேள்வி. உங்க வீட்டு கார் ரேடியேட்டருக்குள்ள இப்ப என்ன இருக்கு? ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து நாலு பேர்கிட்ட இதைக் கேட்டுப் பார்த்தேன். "தண்ணிதான்" என்று ஒருத்தன். "பச்சையா ஏதோ ஊத்துவாங்களே" என்று ஒருத்தன். "அதெல்லாம் சர்வீஸ்ல பார்த்துக்குவாங்க" என்று ஒருத்தன். நாலாவது ஆள் இன்ஸ்டாகிராம்ல இருந்து தலையைத் தூக்கவே இல்லை. இதில் மூணு பேர் தெர்மல் பேப்பரில் எண்பதுக்கு மேல வாங்கினவங்க. நானும்தான். அதைச் சொல்லிக்க இப்ப கொஞ்சம் கூச்சமாவே இருக்கு. ஏன்னு சொல்றேன்.

எங்கப்பா கார் டிரைவர். சொந்த வண்டி இல்லை, கிருஷ்ணகிரியில் ஒரு டிராவல்ஸ்காரர் வண்டி. மஞ்சள் போர்டு போட்ட டீசல் செடான், வயசு பத்துக்கு மேல. போன பொங்கலுக்கு முந்தின வாரம் சேலத்தில் சவாரியை இறக்கிட்டு, காலியா திரும்புற வண்டிதானேன்னு என்னை ஹாஸ்டல் வாசல்ல வந்து ஏத்திக்கிட்டார். மத்தியானம் ரெண்டு மணி. ராத்திரி அதே வண்டிக்கு பெங்களூரு ஏர்போர்ட் சவாரி இருக்குன்னு ஓனர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.

சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். எதிர்ப் பக்கம் இறங்குற லாரிகளுக்கு அது எவ்வளவு மோசமான இறக்கம்னு நம்ம பக்கத்துக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஏறுற பக்கத்தில் கஷ்டம் இன்ஜினுக்கு. ஏ.சி. ஓடிக்கிட்டிருந்தது. பாதி ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து மெல்ல மேல போனது. அப்பா ஏ.சி.யை அணைச்சார். முள் இன்னும் கொஞ்சம் ஏறுச்சு. "நிறுத்தலாமாப்பா?"ன்னு கேட்டேன். "மேல ஏறிட்டா சரியாயிடும்டா"ன்னார். அப்புறம் அந்த முள் திடீர்னு சரசரன்னு கீழே இறங்குச்சு. நடுவுக்கும் கீழே.

"குறைஞ்சிடுச்சுப்பா, போலாம்"னு சொன்னது நான்.

ரெண்டு நிமிஷத்தில் பிக்கப் விழுந்தது. அப்புறம் சிவப்பு விளக்கு. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினா ஒரே ஆவி. நான் பாய்ஞ்சு போய் ரேடியேட்டர் மூடியில் கை வெச்சேன். அப்பா என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் மணிக்கட்டு சிவந்துபோச்சு. "கைய எடுடா, முகமெல்லாம் வெந்துரும்!"

இந்த இடத்தில் கதையை நிறுத்திட்டு அந்த முள்ளைப் பத்திப் பேசணும், ஏன்னா அதுதான் எங்களை ஏமாத்துச்சு.

டெம்பரேச்சர் சென்சார் என்பது ஒரு சின்ன தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும். ரெண்டாம் வருஷ லேபில் பீக்கரில் முக்கி ரீடிங் எடுத்திருப்பீங்க. முக்கி என்பதுதான் இங்கே முக்கியம். கூலன்ட் ஒழுகிப்போய் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிட்டா, அது திரவத்தில் இல்லாமல் வெறும் காத்திலும் ஆவியிலும் நிக்கும். ஆவி சரியா சூட்டைக் கடத்தாது. இன்ஜின் உள்ளே வெந்துக்கிட்டிருக்க, சென்சார் "சூடு குறைஞ்சிருச்சு"ன்னு சொல்லும். முள் இறங்குறது நல்ல சேதி இல்லை. ஏற்றத்தில் மேல போன முள் காரணமே இல்லாமல் மளமளன்னு இறங்கினா, அளக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் மிச்சமில்லைன்னு அர்த்தமா இருக்கலாம். உடனே ஓரங்கட்டணும்.

இது போதாதுன்னு, அந்த முள்ளே உண்மையைச் சொல்ற முள் இல்லை. பல கார்களில் 75, 80 டிகிரியிலிருந்து நூறைத் தாண்டும் வரைக்கும் முள் நடுவிலேயே நிக்கும்படிதான் செஞ்சு வெச்சிருக்காங்க. முள் கொஞ்சம் ஆடினாலே ஆளுங்க பயந்து சர்வீஸ் சென்டருக்கு வந்துடுறாங்களாம், அதனால் ஆடவிடாம அமுக்கிட்டாங்க. இன்னும் பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தா நீல விளக்கு, கொதிச்சா சிவப்பு விளக்கு, நடுவில் ஒண்ணுமே தெரியாது. ஆனா அதே டேஷ்போர்டில் பாட்டு யார் பாடினது, ஆல்பம் எது, அட்டைப் படம் என்னன்னு கலர் கலரா தெரியும். எனக்கு இதில் கோபம் உண்டு. தெரிஞ்சுக்க வேண்டியதை மறைச்சுட்டு, அப்புறம் டிரைவருக்கு அறிவில்லைன்னு சொல்றது என்ன நியாயம்?

சரி, கூலன்ட் ஏன் ஒழுகுச்சு? பட்டறையில் பிரிச்சப்போ தெரிஞ்சது. கீழ் ஹோஸ் மாட்டுற கிளாம்ப் கிட்ட ரேடியேட்டர் வாய் அரிச்சுப்போயிருந்தது. உள்ளே டியூப் எல்லாம் வெள்ளையும் செம்மண்ணுமா அடைச்சுக் கிடந்தது. ரெண்டு வருஷமா அந்த வண்டிக்குக் கூலன்ட்டே ஊத்தலை. குறைஞ்சப்போ எல்லாம் எந்த ஊரில் நிக்குதோ அந்த ஊர்த் தண்ணி. டீக்கடைத் தண்ணி, பெட்ரோல் பங்க் தண்ணி, போர் தண்ணி.

போர் தண்ணி உள்ளே என்ன செய்யும்னு பாக்க ரேடியேட்டரைப் பிரிக்கவே வேண்டாம். உங்க ரூம்ல இருக்கிற வாட்டர் ஹீட்டர் ராடைப் பாருங்க. வாங்கி மூணு மாசத்தில் அதுமேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா ஏறியிருக்கும். தண்ணியில் கரைஞ்சிருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடானா கார்பனேட்டா மாறிப் படியுது. முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் கடின நீர், பாய்லர் ஸ்கேல், இ.டி.டி.ஏ. டைட்ரேஷன்னு ஒரு யூனிட்டே இதுக்காகப் படிச்சோம். பிங்க் எப்ப நீலமாகும்னு கண்கொட்டாம பாத்தோம். அந்த யூனிட்டுக்கும் அப்பா ஓட்டுற வண்டிக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு மூணு வருஷமா தோணவே இல்லை.

ஏற்றத்தில் இன்ஜின் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளணும்னு ஒரு தோராயக் கணக்கு. எரிபொருள் சக்தியில் மூணில் ஒரு பங்கு வேலையா வரும், மூணில் ஒரு பங்கு சைலன்சர் வழியா போகும், மிச்சம் கூலன்ட்டுக்கு. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், நம்ம ஹீட் பேலன்ஸ் டெஸ்ட்டில் பை சார்ட் போட்டது இதைத்தான். கணவாய் ஏற இன்ஜின் 30 கிலோவாட் கொடுக்குதுன்னா, கூலன்ட் தலையிலும் கிட்டத்தட்ட அதே அளவு விழும். நம்ம ஹீட்டர் ராடு ஒண்ணு 1,500 வாட். அப்போ இருபது ராடை ஒரே பக்கெட்டில் போட்டு ஸ்விட்சைத் தட்டின மாதிரி. அந்த இருபது ராடு சூடும் ஒரு பாய் மடிப்பளவு ரேடியேட்டர் வழியா காத்துக்குப் போகணும். அதில் பாதி டியூப் அடைச்சிருந்தா?

நான் இதையெல்லாம் ரூமில் வந்து சொன்னப்போ நண்பன் ஒருத்தன் மடக்கினான். "தண்ணிக்கு ஸ்பெசிஃபிக் ஹீட் 4.18. கிளைகால் பாதி, தண்ணி பாதி கலந்தா 3.5-க்கும் கீழ. அப்போ பச்சைத் தண்ணிதானே சூட்டை நல்லா சுமக்கும்? கூலன்ட்டுன்னு விக்கிறது எல்லாம் ஏமாத்து வேலைடா."

அவன் சொன்ன எண் சரி. வெறும் சூட்டைச் சுமக்கிற கணக்கில் தண்ணிதான் கெட்டிக்காரன். ஆனா கூலன்ட்டுக்கு அது மட்டுமா வேலை? கொதிநிலையைப் பாருங்க. தண்ணி 100 டிகிரி. பாதிக்குப் பாதி கிளைகால் கலந்தா சுமார் 107. இதுக்கு மேல ரேடியேட்டர் மூடின்னு ஒண்ணு இருக்கு. அதை வெறும் மூடின்னு நினைக்காதீங்க, அது குக்கர் வெயிட். 0.9, 1.1னு மேலே எண் போட்டிருக்கும், அவ்வளவு பார் அழுத்தம் வரை உள்ளேயே பிடிச்சு வைக்கும். 0.9 மூடி போட்டா தண்ணியோட கொதிநிலையே 118 பக்கம் போகும், கூலன்ட்டுக்கு 125-ஐத் தாண்டும். ஏற்றத்தில் இந்த ஏழெட்டு டிகிரி இடைவெளிதான் நம்மளைக் காப்பாத்தும். ஏன்னா சிலிண்டர் ஹெட்டில் ஏதோ ஒரு மூலையில் தண்ணி ஆவியாயிட்டா அந்த இடத்தில் சூட்டை வாங்க ஆளில்லை. அப்புறம் ஸ்பெசிஃபிக் ஹீட் 4.18 இருந்து என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு, அலுமினியம். ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு, நடுவில் செம்பு பித்தளை எங்காவது. இத்தனை உலோகத்தையும் உப்புத் தண்ணியில் முக்கி வெச்சா அது ஒரு பேட்டரிதானே. அரிக்காம இருக்கத்தான் கூலன்ட்டில் இன்ஹிபிட்டர் போடுறாங்க. அந்த இன்ஹிபிட்டரும் வருஷக்கணக்கில் தீர்ந்துபோகும், அதனாலதான் மாத்தச் சொல்றாங்க. நண்பனுக்கு இது புரிஞ்சுது. இருந்தாலும் "எண் சரிதானே"ன்னு கடைசி வரை விடலை. விட்டா அவன் மெக்கானிக்கல்காரனே இல்லை.

கதைக்கு வர்றேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்பா பட்டறைக்குப் போன் போட்டார். "தண்ணி ஊத்தி மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்கண்ணே"ன்னு பதில். ஊத்தினோம். ஸ்டார்ட் பண்ணினா சைலன்சரில் வெள்ளைப் புகை, டிப்ஸ்டிக்கை இழுத்தா ஆயில் பால் காபி நிறத்தில். ஹெட் கேஸ்கட் போயிடுச்சு. அலுமினியம் சூட்டில் விரியறது வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஹெட் அளவுக்கு மீறிச் சூடானா விரிய இடமில்லாம வளைஞ்சுக்கும், நடுவில் கேஸ்கட் மாட்டிக்கும். வண்டியை ரெக்கவரி வேனில் ஏத்தித்தான் கொண்டுபோனோம். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங், புது கேஸ்கட், ரேடியேட்டர், ஹோஸ், ஆயில், லேபர், எல்லாம் சேர்ந்து 34,000 ரூபாய்.

பிரிச்சப்போ இன்னொண்ணும் தெரிஞ்சது. தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. ஒரு வருஷம் முன்னாடி லேசா சூடு ஏறுதுன்னு அதே பட்டறையில் கழட்டிப் போட்டிருக்காங்க. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குண்ணே?"

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. நானே மூணு பட்டறையில் கேட்டிருக்கேன். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு. தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு வெச்ச ஒரு வால்வு. சுமார் 82-லிருந்து 88 டிகிரியில் மெழுகு உருகி விரிஞ்சு கதவைத் திறக்கும், அதுக்கப்புறம்தான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். இன்ஜின் அந்தச் சூட்டில் ஓடத்தான் வடிவமைச்சிருக்காங்க. வால்வைக் கழட்டினா சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் சூடே ஏறாம ஓடும், டீசல் கூடக் குடிக்கும், தேய்மானம் கூடும். வெளியே 40 டிகிரி வெயில் அடிச்சாலும் இன்ஜினுக்கு வேண்டிய 85-க்கு அது குளிர்தான். இதில் கூத்து என்னன்னா, பல இன்ஜின்களில் அந்த வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். வால்வே இல்லாட்டி பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளேயே சுத்திக்கிட்டிருக்கும். ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும். குணமாக்கக் கழட்டினதே நோயாயிடும்.

பட்டறைக்காரங்களைத் திட்டுறதா நினைக்காதீங்க. அந்த மெக்கானிக் அண்ணன் சத்தத்தைக் கேட்டே இன்ஜெக்டர் எதுன்னு சொல்லுவார், என்னால ஏழு ஜென்மத்துக்கும் முடியாது. ஆனா கழட்டினதை யார்கிட்டயும் சொல்லாம விட்டதும், சூடு ஏன் ஏறுச்சுன்னு தேடாம சூடு ஏறினதை மட்டும் நிறுத்தப் பார்த்ததும் தப்புதான். புது வண்டியிலும் இதே பழக்கம் வேற வேஷத்தில் வருது. செக் இன்ஜின் விளக்கு எரிஞ்சா ஸ்கேனரை மாட்டி, கோடை அழிச்சு, "சரியாயிடுச்சு"ன்னு அனுப்புறது. விளக்கு அணைஞ்சது உண்மைதான். என்ன சரியாச்சு?

இப்போ பணம். ஓனர் 34,000-த்தில் பாதியை அப்பா சம்பளத்தில் பிடிக்கிறதா சொல்லிட்டார். மாசம் 2,000. "முள்ளைப் பாத்து ஓட்டத் தெரியாதா?" என்பது அவர் கேள்வி. அப்பா ஒண்ணும் சொல்லலை. என்ன சொல்லுவார்? கூலன்ட் கேட்டப்போ "இப்போதைக்குத் தண்ணி ஊத்திக்கோ, அடுத்த சர்வீஸ்ல பார்க்கலாம்"னு ஓனர் சொன்னது வாய்வார்த்தை. தெர்மோஸ்டாட் கழட்டினது பில்லில் இல்லை. எதுக்கும் எழுத்தில் ஒரு வரி கிடையாது. வண்டி கெட்டா யார் கையில் ஸ்டீயரிங் இருந்துச்சோ அவர் தலையில் விழும். ஓனர் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், அவருக்கும் மூணு வண்டிக்குத் தவணை ஓடுது. ஆனா சில நூறு ரூபாய் கூலன்ட்டை மிச்சம் பிடிச்சது அவர், கட்டுறது எங்கப்பா. இதை நான் ஒத்துக்கலை.

அதனால அப்பாவுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். இந்த மூணு வருஷப் படிப்பில் நான் வீட்டுக்குச் செஞ்ச ஒரே உருப்படியான வேலை இதுதான்னு நினைக்கிறேன். தினமும் காலையில் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே, பானெட்டைத் தூக்கி கூலன்ட் பாட்டிலை போனில் ஒரு போட்டோ. மின், மேக்ஸ் கோடு தெரியணும். தேதியும் நேரமும் போட்டோவிலேயே இருக்கும். குறைஞ்சிருந்தா அதை அப்படியே ஓனர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடணும், "கூலன்ட் குறையுது, என்ன செய்யட்டும்?"னு ஒரு வரியோட. சண்டை வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம். போட்டோ போதும். மூணாவது போட்டோ போன அன்னிக்கு ஓனர் ஒரு கேன் கூலன்ட் வாங்கிக் கொடுத்திருக்கார். உங்க வீட்லயும் யாராவது அடுத்தவங்க வண்டி ஓட்டினா, கார், லோடு ஆட்டோ, ஸ்கூல் வேன் எதுவா இருந்தாலும், இதை இன்னிக்கே சொல்லிக் கொடுங்க.

பாட்டிலைப் பாக்கிறதிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. சில வண்டியில் அந்தப் பாட்டிலே அழுத்தத்தில் இருக்கும், மூடி கெட்டியா திருகு மூடி. அதில் மட்டம் சரியா இருந்தா பெரும்பாலும் சரி. இன்னும் பல வண்டியில் பாட்டில் சும்மா ஓவர்ஃப்ளோ பாட்டில்தான். சூட்டில் ரேடியேட்டரிலிருந்து பொங்கி வர்றது அதில் விழும், ஆறும்போது மூடியில் இருக்கிற குட்டி வால்வு வழியா திரும்ப உறிஞ்சிக்கும். மூடி ரப்பர் கெட்டுப்போனாலோ, எங்காவது காத்து உள்ளே போனாலோ உறிஞ்சாது. பாட்டில் நிறைய இருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும். அதனால வாரத்துக்கு ஒரு நாள், ராத்திரி முழுக்க நின்ன வண்டியில், ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்க. சூடா இருக்கும்போது மட்டும் கூடவே கூடாது. விசில் அடிக்கிற குக்கரை யாராவது திறப்பாங்களா? அழுத்தம் போன அந்த நொடியே 110 டிகிரியில் இருக்கிற தண்ணி ஆவியா வெடிச்சு முகத்துக்கு வரும். அப்பா என் கையைத் தட்டிவிட்டது அதுக்குத்தான். அவருக்கு ஃப்ளாஷ் பாய்லிங்னு பேர் தெரியாது. எனக்குப் பேர் தெரியும், கையை வெச்சேன்.

நடுரோட்டில் முள் ஏறினா? ஏ.சி.யை அணைங்க. பக்கத்தில் நிறுத்த இடமே இல்லைன்னா ஹீட்டரை ஃபுல்லா வெச்சு ஃபேனையும் கூட்டுங்க. வேர்த்துக் கொட்டும், ஆனா அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை இழுக்கும். இடம் கிடைச்சதும் நிறுத்திடணும். சிவப்பு விளக்கே வந்துட்டா "அடுத்த பங்க் வரைக்கும்" என்ற பேச்சே இல்லை. அரை மணிக்குக் குறையாம ஆறவிட்டு, துணியை மடிச்சு மூடி மேல போட்டு, கொஞ்சம் கொஞ்சமா திருகணும்.

தலைப்புக் கேள்விக்கு இப்போ பதில் சொல்லிடுறேன். அவசரத்துக்கு, ஆறின இன்ஜினில், பச்சைத் தண்ணி ஊத்தலாம். காட்டு வழியில் நின்னுக்கிட்டு கிளைகால் தேடச் சொல்ல மாட்டேன். ஆனா ஊர் போய்ச் சேர்ந்ததும் எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சு, அந்தத் தண்ணியை முழுசா வடிச்சு, சரியான கூலன்ட் ஊத்தணும். கடையில் கான்சன்ட்ரேட்னு போட்டு வித்தா அப்படியே ஊத்தாதீங்க, டிஸ்டில்டு வாட்டர் கலக்கணும். ரெடி மிக்ஸ்னா கலக்கக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம், நிறத்தை வெச்சு வகை சொல்ல முடியாது. வண்டி மேனுவலில் எந்த வகைன்னு போட்டிருப்பாங்க. ரெண்டு வகையைக் கலந்தா சிலது கூழாயிடும். மேனுவல் எங்கேன்னு கேக்காதீங்க, கிளவ் பாக்ஸில் டோல் ரசீதுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காம கிடக்கும்.

இ.சி.இ., சி.எஸ். மக்களுக்கு ஒரு வேலை சொல்றேன். ஓ.பி.டி. போர்ட்டில் ப்ளூடூத் டாங்கிள் மாட்டினா பி.ஐ.டி. 05-ல் கூலன்ட் டெம்பரேச்சர் வரும். ஒரு பைட், அதில் 40-ஐக் கழிச்சா டிகிரி. அமுக்கி வெச்ச முள் காட்டாத உண்மையான எண் போனிலேயே தெரியும். நல்லதுதான், வீட்டு காரில் மாட்டிப் பாருங்க. ஆனா அதுவும் அதே சென்சாரிலிருந்துதான் வருது. கூலன்ட் போயிட்டா அந்த ஆப்பும் அழகா கிராஃப் போட்டுப் பொய் சொல்லும். மட்டத்தைச் சொல்ற சென்சார் தனியா வேணும். மிதவையும் ரீட் சுவிட்சும் வெச்சா போதும். சில வண்டியில் கம்பெனியே வெச்சிருக்கு, எங்கப்பா ஓட்டுற ரகத்தில் இல்லை. வருஷா வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டிரைவர் தூங்குறாரான்னு கேமராவில் பாக்கிற சிஸ்டம் பத்து டீமாவது செய்யுறோம். கண்ணை மூடினா பஸ்ஸர் அடிக்கும், எக்ஸ்டர்னல் தலையாட்டுவார், மார்க் வரும். முழிச்சுக்கிட்டே ஓட்டுற டிரைவருக்கு வண்டி உண்மையைச் சொல்லுதான்னு ஒரு டீமாவது பாருங்களேன்.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு வார்த்தை. ஐ.சி. இன்ஜின் லேபில் ஓடுற ஒத்தை சிலிண்டர் இன்ஜினை எதால குளிர வைக்கிறோம்னு யாராவது கவனிச்சீங்களா? மாடி டேங்கிலிருந்து வர்ற பைப் தண்ணி. ஒரு பக்கம் போகும், மறுபக்கம் வரும், தெர்மாமீட்டர் வெச்சு ரெண்டையும் எழுதிக்கிட்டு வந்துடுவோம். தெர்மோஸ்டாட் இல்லை, மூடி இல்லை, ரேடியேட்டர் இல்லை. பச்சைத் தண்ணிப் பழக்கம் பட்டறையில் மட்டும்னு எப்படிச் சொல்றது? லேபுக்கு அது சரிதான், அளக்கச் சுலபம். ஆனா ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்குப் பின்னாடி காலேஜோட பழைய ஜீப் ஒண்ணு நாலு வருஷமா டயர் இறங்கி நிக்குதே, அதை ஓடுற நிலைக்குக் கொண்டுவந்து, எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் ஒவ்வொருத்தரும் அரை நாள் அதில் ஹோஸ் மாத்தி, தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்குதான்னு பாத்து, கூலன்ட் ஊத்திக் காத்தை வெளியேத்தினா என்ன? ஹெச்.ஓ.டி.கிட்ட மனு கொடுத்திருக்கேன். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார். கையெழுத்துப் போட இன்னும் ஆள் வேணும்.

அது வரைக்கும், வர்ற சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஸ்டாஃப் பார்க்கிங் வேப்ப மரத்தடியில் நானும் ரெண்டு பேரும் டார்ச்சோட நிப்போம். டே ஸ்காலர்ஸ் யார் வீட்டு கார் வந்தாலும் பானெட்டைத் திறந்து சேர்ந்து பாப்போம். பக்கத்துத் தெரு டிரைவர் அண்ணன்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா ஓட்டிக்கிட்டு வந்தா இன்ஜின் சூடா இருக்கும், ஒரு மணி நேரம் நின்னு ஆறின பிறகுதான் மூடியைத் தொடுவோம். டீ வாங்கித் தர்றோம். எங்கப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார், அன்னிக்குச் சவாரி இல்லாட்டி.